பிரேக் அக்காவும் பூட்டாத ஷெட்டும்

எங்கள் தெருவில் பிரேக் அக்காவின் வலது காலைப் பற்றிப் பேசாத ஆள் கிடையாது. அந்தக் கால் ஒரு அழுத்து அழுத்தினால் கார் மட்டும் நிற்காது. எதிரே வருகிற பஸ் நிற்கும், பஸ்ஸுக்குப் பின்னால் வருகிற மழையும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வரும். நான் எதிரில் பஞ்சர் கடை வைத்திருக்கிறவன். பாதி வாழ்நாளை அக்கா காரின் டயரைப் பார்த்தே கழித்துவிட்டேன். நான் சொல்வதில் கொஞ்சத்தைத் தள்ளிவிட்டு மிச்சத்தைத் தாராளமாக நம்பலாம்.

அக்காவுக்கு வேலை டிரைவிங் ஸ்கூல். ஸ்கூல் என்றதும் மாடி, மணி என்றெல்லாம் நினைக்க வேண்டாம். தெருக்கோடியில் ஒரு ஷெட், அதற்கு ஒரு இரும்பு ஷட்டர், ஓடுகிற கார் ஒன்று, ஓடாத கார் ஒன்று. ஓடாத காருக்கு எஞ்சின் கிடையாது. புதிதாகச் சேர்கிறவர்களை முதலில் அதில் உட்கார வைத்துத்தான் கிளட்ச், கியர், ஸ்டியரிங் எல்லாம் பழக்குவார்கள். நகராத காரையும் ஓட்ட முடியாமல் இறங்கி ஓடிப்போனவர்கள் எங்கள் ஊரில் உண்டு. ஓடுகிற காரில் இரண்டு பிரேக். ஒன்று ஓட்டுகிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறவர் காலடியில். ஓட்டுகிறவர் தான்தான் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்பார். நிஜத்தில் எல்லோருடைய உயிரும் அந்த இரண்டாவது பிரேக்கில்தான் இருக்கும்.

ஸ்கூலைத் தொடங்கியவர் மாஸ்டர், அக்காவின் வீட்டுக்காரர். அக்கா அங்கே ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள்தான். முதல் நாள் மாஸ்டர் கேட்டாராம்: "புதுசா சேர்ந்தீங்களா? கிளட்ச் எதுன்னு தெரியுமா?" அக்கா தைரியமாகப் பிரேக்கைக் காட்டினாளாம். அன்றைக்கு ஒட்டிய பெயர் இன்றைக்கும் உரியவில்லை. கல்யாணமாகியும் அவள் அவரை மாஸ்டர் என்றே கூப்பிட்டாள். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவர்கள் புருஷன் பெண்சாதி என்று கண்டுபிடிக்கவே மாதக்கணக்காகும். சண்டை போடுவதைப் பார்த்துத்தான் கண்டுபிடிப்பார்கள்.

மாஸ்டருக்கு மறதி வந்ததை முதலில் யாரும் மறதி என்று எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு ஆளுக்கு அவர் நாள் தவறாமல் ரிவர்ஸ் மட்டுமே சொல்லிக்கொடுத்தார். அந்த ஆள் ரிவர்ஸிலேயே ஊரைச் சுற்றிவிட்டு வருவான், முன்னால் போகச் சொன்னால் இறங்கி நடந்துவிடுவான். அப்போதும் சிரித்தோம். அப்புறம் ஏற்றிய ஷட்டரை இறக்கி, இறக்கிய ஷட்டரை ஏற்றி, அதையே காலையெல்லாம் செய்ய ஆரம்பித்தார். வீட்டில் சமையலறைப் பக்கம் திரும்பும்போது கை காட்டிவிட்டுத் திரும்பினார். அக்கா அவரை டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

டாக்டர் நல்ல மனிதர். இது டிமென்ஷியா என்றும், குணமாகாது, கூடிக்கொண்டேதான் போகும் என்றும் பொறுமையாகச் சொன்னார்.

"எவ்வளவு தூரம் போகும் டாக்டர்?"

"அது யாராலயும் சொல்ல முடியாதும்மா."

"அப்ப டேங்க்கை நிரப்பிக்கிட்டுக் கிளம்புறேன்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

மாஸ்டருக்கு ஒரு தம்பி. பழைய கார்களை வாங்கி விற்கிறவர். துடைத்துத் துடைத்து, அவர் கை பட்டால் தகர டப்பாகூடப் பளபளக்கும். ஷெட் இருக்கிற இடம் அவர் பெயரில்தான் இருந்தது. விஷயம் தெரிந்ததும் பழக்கூடையோடு வந்தார்.

"அண்ணி, ஊருக்கு வெளியில ஒரு இல்லம் இருக்கு. பார்த்துட்டு வந்தேன். உசரமான சுவர், பெரிய கேட்டு, வாசல்ல ஆளு. அண்ணன் வெளிய எங்கயும் போக முடியாது."

"நாய் வளர்க்கவா தம்பி இடம் பார்த்தீங்க?"

"பாதுகாப்புக்குச் சொல்றேன் அண்ணி."

"உங்க கார் எல்லாம்தான் பாதுகாப்பா நிக்குது, ஒண்ணாவது நகருதா?"

தம்பி கெட்டவர் இல்லை. அண்ணன் எங்காவது போய் அடிபட்டுவிடுவாரோ என்ற பயம் பாதி, ஊர் சிரிக்குமே என்ற வெட்கம் பாதி. பழக்கூடையை வைத்துவிட்டுப் போனார். அக்கா அதில் பாதியை எனக்குக் கொடுத்தாள். அந்த விதத்தில் எனக்குத் தம்பி மேல் மரியாதை உண்டு.

மறுநாளிலிருந்து மாஸ்டர் காரின் பின் சீட்டில் ஏறினார். அக்கா முன்னால் உட்கார்ந்து ஒரு பக்கம் சொல்லிக்கொடுக்க, அவர் பின்னாலிருந்து இன்னொரு பக்கம் சொல்லிக்கொடுத்தார். அவள் இடது என்றால் அவர் வலது என்பார். ஒரே வாரத்தில் பாதிப் பேர் நின்றுவிட்டார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு எந்த நெரிசலிலும் காது கேட்காமல் ஓட்டுகிற பழக்கம் வந்துவிட்டது.

ஒரு நாள் கார் கிளம்புவதற்கு முன் மாஸ்டர் அக்காவையே பார்த்தார். "புதுசா சேர்ந்தீங்களா? கிளட்ச் எதுன்னு தெரியுமா?" என்றார். அக்காவுக்கு எங்கிருந்தோ வந்தது கோபம். "நான் உங்க பொண்டாட்டி" என்று கத்தினாள். மாஸ்டர் மரியாதையாகக் காரைவிட்டு இறங்கிக் கைகட்டி நின்றார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகலை" என்றார்.

அன்றைக்கு அக்கா என் கடையில் வந்து ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தவள், வாயே திறக்கவில்லை. அக்காவின் சத்தம் இல்லாமல் தெருவுக்கே காது அடைத்துப்போய்விட்டது. நான் டீ வாங்கி வைத்தேன், அதுவும் ஆறிப்போனது.

அடுத்த நாளும் மாஸ்டர் அதையே கேட்டார். அக்கா மூச்சை இழுத்து விட்டாள். "ஆமா மாஸ்டர், இன்னிக்குத்தான் சேர்ந்தேன். கிளட்ச் எது, நீங்களே சொல்லுங்க" என்றாள். அவர் சொல்லிக்கொடுத்தார். ஒரு தப்பும் இல்லாமல், கல்லூரி வாத்தியார் தோற்றுப்போகிற மாதிரி. முகத்தில் அப்படி ஒரு தெளிவு. அக்கா சாயங்காலம் என்னிடம் வந்து சொன்னாள்:

"டேய் பஞ்சர், இவ்வளவு நாளா நான் அவர் கையில இருந்து ஸ்டியரிங்கைப் பிடுங்கிக்கிட்டு இருந்திருக்கேன்டா. அது அவர்கிட்டயே இருக்கட்டும். நாம பிரேக் மேல காலை மட்டும் வச்சிருப்போம். இடிக்கப் போறப்ப அழுத்திக்கலாம்."

அவ்வளவுதான். அப்புறம் வந்த அறக்கட்டளை, அதைப் பார்க்க வந்த பெரிய மனிதர்கள், அவர்கள் எடுத்துக்கொண்ட படங்கள், எல்லாம் அந்த ஒரு பேச்சுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வந்த தூசிதான்.

கார் ஓட்டப் பழக ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள், வங்கியில் வேலை. ஒரு நாள் ஓட்டிக்கொண்டே அழுதாள். அக்கா ஏன் என்று கேட்டதற்கு, "அம்மாவுக்கு மறதி. உள்ள வச்சு வெளியில பூட்டிட்டு வந்திருக்கேன்க்கா. தினமும் அப்படித்தான். வேற வழியில்ல" என்றாள். அக்கா அழுத்தினாள் பிரேக்கை. பின்னால் வந்த வண்டிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத குறை.

"திருப்புடி வண்டிய."

"எங்கக்கா?"

"உங்க வீட்டுக்கு. இன்னிக்கு யூ டர்ன் பாடம்."

அப்படித்தான் அந்தப் பெண்ணின் அம்மா, கணக்கு டீச்சர், ஷெட்டுக்கு வந்து சேர்ந்தார். மகளின் பெயர் மறந்துவிட்டது, வாய்ப்பாடு மறக்கவில்லை. வந்த அன்றைக்கே தெருவில் இருந்த கடைக்காரர்களை எல்லாம் நிற்க வைத்துக் கேள்வி கேட்டார். நான் மழைக்கு மட்டும் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியவன், என்னைப் பார்த்த பார்வையிலேயே கண்டுபிடித்துவிட்டார். இன்று வரைக்கும் நான் அவர் இருக்கிற பக்கம் போனால் டயரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டுதான் போவேன்.

அடுத்து ஒரு போஸ்ட்மேன் ஐயா. ஓய்வு பெற்று வெகு காலம். காலையில் எழுந்ததும் தபால் கொடுக்கக் கிளம்பிவிடுவார், மருமகள் கதவைச் சாத்தினால் கதவை உதைப்பார். அக்கா அவரைப் பிடித்து வைக்கவில்லை. ஒரு பையைத் தோளில் மாட்டிவிட்டு, உள்ளே டிரைவிங் ஸ்கூல் நோட்டீஸ்களை அடுக்கிக் கொடுத்தாள். அவர் தினமும் கடை கடையாக விநியோகித்தார். நாங்களும் ஊருக்குப் போன உறவு கடிதம் போட்டது போல இரண்டு கையாலும் வாங்கினோம். எனக்கு மட்டும் வந்த நோட்டீஸை ஒட்டினால் இன்னொரு தெரு போடலாம்.

சாயங்காலம் வெயில் இறங்கினதும் எல்லோருக்கும் ஒரே நச்சரிப்பு வரும். "வீட்டுக்குப் போகணும்." எந்த வீடு என்று கேட்டால் தெரியாது. சில பேருக்கு அந்த வீடே இடிந்து கடையாகிவிட்டது. அக்கா அவர்களை எஞ்சின் இல்லாத காரில் ஏற்றுவாள். மாஸ்டர் ஸ்டியரிங்கைப் பிடிப்பார். டீச்சர் பக்கத்தில், போஸ்ட்மேன் ஐயா பின்னால். கதவைச் சாத்தி, கண்ணாடியை இறக்கி, பேசிக்கொண்டே போவார்கள். போகிற வழியில் மழை வரும், ரயில்வே கேட் மூடியிருக்கும், யாரோ குறுக்கே வந்ததற்கு மாஸ்டர் திட்டுவார். மனசு ஆறினதும், "வந்தாச்சு, இறங்குங்க" என்பார். எல்லோரும் நிம்மதியாக இறங்குவார்கள். உலகத்திலேயே அதிக தூரம் ஓடிய கார் அதுதான். ஒரு பஞ்சர்கூட ஆனதில்லை, எனக்கு அந்த வருத்தம் உண்டு.

ஆட்கள் கூடினார்கள். காலையில் ஓட்டக் கற்கிறவர்கள், அவர்கள் போன பிறகு மறந்தவர்கள் என்று ஷெட் நிறைந்தது. சலூன்காரர் வந்து முகம் மழித்துவிட்டார், வங்கிப் பெண் லீவு நாட்களில் வந்து நின்றாள். இதை முறையாகப் பதிவு செய்யலாம் என்று அவள்தான் அக்காவை அலுவலகத்துக்குக் கூட்டிப் போனாள். அங்கே இருந்த அதிகாரி பெயர் கேட்டார். அக்கா "இரண்டாவது பிரேக் அறக்கட்டளை" என்றாள். அவர், "உதிரி பாகம் விக்கிற கம்பெனியெல்லாம் இங்க பதிய முடியாதும்மா" என்றாராம். அக்கா அவருக்கு விளக்கின விளக்கத்தில் மனிதர் அடுத்த மாதமே தன் மாமனாரைக் கொண்டுவந்து விட்டுவிட்டார்.

ஷெட்டில் ஒரு சட்டம் உண்டு. ஆள் உள்ளே இருக்கும்போது ஷட்டர் பாதிகூட இறங்கக் கூடாது. யாருக்கு எப்போது வெளியே போகத் தோன்றினாலும் போகலாம். போகிறவர் சட்டை முதுகில், ஓட்டக் கற்கிறவர் காரில் மாட்டுகிற அதே சிவப்பு எல் எழுத்து சின்னதாக ஊக்கில் குத்தியிருக்கும். டீக்கடை, மருந்துக்கடை, தையல் கடை, என் கடை, எல்லோருக்கும் அக்கா சொல்லி வைத்திருந்தாள். கையைப் பிடித்து இழுக்கக் கூடாது. கூடவே கொஞ்ச தூரம் நடந்து, பேச்சுக் கொடுத்து, திரும்பி வரும்போது அவரே திரும்பி வந்த மாதிரி இருக்க வேண்டும்.

அந்தச் சட்டத்துக்குத்தான் சோதனை வந்தது. ஒரு நாள் மாஸ்டர் நடந்துகொண்டே மெயின் ரோட்டுக்குப் போய்விட்டார். சிக்னலில் ஒரு கார் நின்றது. அவர் கதவைத் திறந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு, "கண்ணாடி பார்த்தாச்சா? ம், பச்சை விழுந்துடுச்சு, போங்க" என்றார். ஓட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு வேர்த்துக் கொட்டிவிட்டது. மாஸ்டர் குரலில் அப்படி ஒரு அதிகாரம். அவர் சொன்ன இடத்தில் திரும்பி, சொன்ன கியரைப் போட்டு, அந்த மனிதர் காரை நேராக ஷெட் வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். மாஸ்டரின் பாடம் எப்போதும் அங்கேதான் முடியும். "பரவாயில்ல, கிளட்ச்லயே காலை வச்சுக்கிட்டு ஓட்டுறீங்க, அதை மட்டும் மாத்திக்குங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

தெருவே விழுந்து விழுந்து சிரித்தது. ஆனால் அந்த மனிதர் தம்பியிடம் கார் வாங்க வந்துகொண்டிருந்தவர். தம்பி சாயங்காலமே வந்து நின்றார். இந்தத் தடவை பழக்கூடை இல்லை.

"போதும் அண்ணி. அண்ணன் அந்த சிக்னல்ல செத்திருந்தா யார் பதில் சொல்றது? ஒண்ணு, இந்த ஷட்டருக்குப் பகல்ல பூட்டுப் போடுங்க. இல்ல, அண்ணனை அந்த இல்லத்துக்கு அனுப்பிட்டு ஷெட்டைக் காலி பண்ணுங்க. வர்ற திங்கக்கிழமை இல்லத்துல இருந்து வேன் வரும்."

"தம்பி, எல் போர்டு மாட்டின கார் நடுரோட்டுல நின்னுடுது. என்ன பண்றீங்க?"

"அதுக்கென்ன இப்போ?"

"ஹாரன் அடிக்கிறீங்க, திட்டுறீங்க, அப்புறம் ஒதுங்கி வழி விடுறீங்க. அவனை வீட்டுல வச்சுப் பூட்டுன்னு யாரும் சொல்றதில்ல. கத்துக்கிறவனுக்கு விடுற வழியை மறக்கிறவனுக்கும் விடுங்க."

"பேச்சு நல்லா இருக்கு. இடம் என்னோடது."

"ஆளு என்னோடவர்" என்றாள் அக்கா.

அந்தப் பேச்சுக்குப் பிறகு அவள் எங்களைச் சும்மா விடவில்லை. மெயின் ரோட்டு முனையில் பேப்பர் விற்கிறவரையும் சட்டத்துக்குள் சேர்த்தாள். அவரைத் தாண்டி ஈகூட எல் மாட்டாமல் போக முடியாது என்கிற நிலைமை.

திங்கட்கிழமை காலையில் கார் நிறைய ஆட்களை ஏற்றிக்கொண்டு அக்கா வந்தபோது ஷட்டரில் ஒரு பூட்டுத் தொங்கியது. என் தலை அளவு இருக்கும். என் தலையை அளந்து செய்தது போலவே இருந்தது. வெல்டிங் கடையிலிருந்து அறுக்கிற மெஷினை வாங்கிக்கொண்டு ஓடிவந்தேன்.

"வைடா கீழ. போட்டவர் வந்து திறக்கட்டும்."

"அதுவரைக்கும் என்னக்கா பண்றது?"

"ஷெட்டுக்குத்தானே பூட்டு? தெருவுக்கு இல்லியே."

டீக்கடை பெஞ்சு வந்தது, சலூனிலிருந்து சுழல் நாற்காலி வந்தது, தையல் கடையிலிருந்து ஸ்டூல் வந்தது, நான் டயர்களை அடுக்கினேன். பூட்டிய ஷட்டருக்கு முன்னால் தெருவின் முழு அகலத்துக்கும் உட்கார்ந்தார்கள். டீச்சர் அந்தப் பக்கம் போகிறவர்களை நிறுத்திப் பாடம் கேட்டார். போஸ்ட்மேன் ஐயா பையோடு கிளம்பினார், மருந்துக்கடைக்காரர் கூடவே நடந்துபோய்த் திரும்பினார். மறுபடி கிளம்பினார், பேப்பர்காரர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே கொண்டுவந்து விட்டார். இல்லத்து வேன் தெருமுனை வரைக்கும் வந்து, நுழைய இடமில்லாமல் கொஞ்ச நேரம் உறுமிவிட்டுப் போய்விட்டது. மாஸ்டர் மட்டும் எதிலும் உட்காரவில்லை. ஷட்டர் முன்னால் நின்று தன் பழைய சாவியைப் பூட்டில் வைத்து வைத்துப் பார்த்தார். "யாரோ மாத்திட்டாங்க" என்று போகிற வருகிறவர்களிடம் சொன்னார். அதைக் கேட்கும்போதெல்லாம் அக்கா கீழே கிடந்த மெஷினைப் பார்த்தாள். ஆனாலும் அதை எடுக்கச் சொல்லவில்லை.

மதியம் தம்பி வந்தார், கப்பல் மாதிரி ஒரு காரில். தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் முன்னால் நாற்காலிகள் தெரிந்தன. ஹாரன் அடித்தார். யாரும் அசையவில்லை. மறுபடி அடித்தார்.

மாஸ்டர் திரும்பினார். ஹாரன் சத்தம் அவருக்கு எப்போதுமே ஆகாது. விடுவிடுவென்று நடந்துபோய் பானட்டைத் தட்டினார்.

"எதுக்கு இந்தச் சத்தம்? பிரேக் எதுக்குக் குடுத்திருக்கு?"

தம்பி கண்ணாடியை இறக்கினார். "அண்ணே, நான்தான்."

மாஸ்டர் அவரை உற்றுப் பார்த்தார். "புதுசா சேர்ந்தீங்களா?"

தம்பி ஹாரனிலிருந்து கையை எடுத்தார்.

"பயப்படாதீங்க. கண்ணாடியைப் பாருங்க. ரிவர்ஸைப் போடுங்க. கிளட்சை மெதுவா, மெதுவா விடுங்க."

தம்பிக்கும் மாஸ்டர்தான் ஓட்டச் சொல்லிக்கொடுத்தவர். கை தானாகக் கியருக்குப் போனது. கார் பின்னால் நகர்ந்தது. மாஸ்டர் முன்னால் நடந்தபடி கை காட்டிக்கொண்டே போனார், இந்தப் பக்கம், கொஞ்சம் அந்தப் பக்கம், நேரா. தம்பிக்குக் கண் கலங்கிவிட்டதோ என்னவோ, பின்னால் இருந்த விளக்குக் கம்பத்தைப் பார்க்கவில்லை. இடிக்கப் போகிற நேரத்தில் மாஸ்டரின் வலது கால் தார் ரோட்டில் டப்பென்று அழுந்தியது. தெருவின் இந்தக் கோடியில் அக்காவின் காலும் அதே நேரத்தில் அழுந்தியது. எந்தப் பிரேக் வேலை செய்தது என்று என்னைக் கேட்டால், தம்பி காலடியில் இருந்ததையும் சேர்த்து மூன்றும் என்பேன். கார் நின்றது. கம்பத்துக்கும் காருக்கும் நடுவில் என் மீசையைக்கூட நுழைக்க முடியாது.

தம்பி இறங்கினார். காரை அங்கேயே விட்டுவிட்டு, அண்ணனோடு நடந்தே வந்தார். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்தார்.

"அண்ணி, நாளைக்கு அவர் நிஜமாவே எங்கயாவது போயிட்டா?"

"தேடுவேன்."

"கிடைக்கலைன்னா?"

"தெருவே தேடும். காலையில இருந்து போஸ்ட்மேன் ஐயா கிளம்பிக்கிட்டேதான் இருக்கார். அதோ பாருங்க, இருக்காரா இல்லியா?"

போஸ்ட்மேன் ஐயா வந்து தம்பி கையில் ஒரு நோட்டீஸைக் கொடுத்தார். தம்பி வாங்கிக்கொண்டார். ஒரு கையால்தான் வாங்கினார், பரவாயில்லை, புதியவர்.

"எனக்குப் பயமா இருக்கு அண்ணி."

"எனக்கு மட்டும் என்ன, இனிக்குதா? பயத்தோடதான் ஓட்டணும். பூட்டி வச்சா அவர் நிஜமாவே என்னை விட்டுப் போயிடுவார் தம்பி, உள்ளயே உட்கார்ந்துக்கிட்டு."

தம்பி பூட்டைத் திறந்தார். சாவியை அக்காவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"பூட்டையும் நீங்களே எடுத்துட்டுப் போங்க. டேய் பஞ்சர், இப்போ கொண்டா அந்த மெஷினை. ஷட்டர்ல பூட்டு மாட்டுற கொண்டியை அறுத்துடு. இனிமே யாருக்கும் பூட்டு மாட்டத் தோணவே கூடாது."

நான் அறுத்தேன். பொறி பறந்த பறப்பில் மேகத்துக்குத் தீப்பிடித்திருக்க வேண்டும், தப்பித்தது. ஷட்டர் ஆடாமல் தம்பிதான் பிடித்துக்கொண்டார்.

"ராத்திரியில என்ன பண்ணுவீங்க அண்ணி, திருடன் வந்தா?"

"எஞ்சின் இல்லாத காரை எவன் ஓட்டிட்டுப் போவான்?"

மாஸ்டர் தன் பழைய சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஷட்டரை ஏற்றினார். உள்ளே போவதற்கு முன் தம்பியைத் திரும்பிப் பார்த்தார்.

"நாளைக்கும் வந்துடுங்க. ரிவர்ஸ் இன்னும் சரியா வரலை உங்களுக்கு."

"வர்றேன் மாஸ்டர்" என்றார் தம்பி.

வருகிறார். ஊருக்கே கார் விற்கிற மனிதர், சாயங்காலமானால் எஞ்சின் இல்லாத காரில் உட்கார்ந்து அண்ணனிடம் திட்டு வாங்குகிறார். பின்னால் உட்கார்ந்திருக்கிற டீச்சரும் அவ்வப்போது தலையில் குட்டுகிறார். மாஸ்டருக்கு இப்போது பேச்சு குறைந்துவிட்டது, கை காட்டுவது மட்டும் குறையவில்லை. அக்கா கதவோரம் நிற்பாள், வலது காலை லேசாக ஊன்றியபடி.